பேணிக்குள் கிடக்கும் வைத்தியம்

நான் வேலை செய்கிற உணவகத்தின் குசினிச் சுவரில் ஒரு முதலுதவிப் பெட்டி தொங்குகிறது. உள்ளே நீல நிறப் பிளாஸ்டர்கள் (சாப்பாட்டுக்குள் விழுந்தால் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக நீலம்), கட்டுத் துணி, கையுறை, கத்தரிக்கோல். பார்க்க வருகிற அதிகாரிகளுக்கு இவ்வளவும் காணும். ஆனால் நாங்கள் உடுப்பு மாற்றுகிற அறையில் இன்னொரு மருந்துக்கடையே இருக்கிறது. என்னுடைய கோடாலித் தைலம், சித்தாலேப டப்பி, சீனச் சமையல்காரரின் ரைகர் பாம், கோப்பை கழுவுகிற பஞ்சாப் பெடியன் ஊரிலிருந்து கொண்டுவந்த ஏதோ ஒரு பச்சை எண்ணெய். பன்னிரண்டு மணித்தியாலம் நின்று வேலை செய்தபிறகு யாரும் சுவரில் தொங்குகிற பெட்டியைத் திறப்பதில்லை. அலுமாரியைத்தான் திறக்கிறோம்.

கைவைத்தியம் பற்றி எழுதவேண்டும் என்று கனநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதுகிறவர்கள் இரண்டு வகை. ஒரு பகுதி, 'எங்கள் முன்னோர்கள் அன்றே சொன்னார்கள்' என்று தொடங்கி புற்றுநோய்க்கும் சீரகத் தண்ணி குடிக்கச் சொல்லும். மற்றப் பகுதி எல்லாமே மூடநம்பிக்கை என்று ஒரே வீச்சில் வெட்டும். இரண்டு பேரும் காய்ச்சல் வந்தால் என்ன செய்கிறார்கள் என்று போய்ப் பார்க்கவேண்டும். முதல் ஆள் இரகசியமாகப் பனடோல் போடுவார். இரண்டாம் ஆள் தாய் அவித்துக் கொடுத்த கொத்தமல்லித் தண்ணியைக் குடிப்பார்.

எனக்கு இது வாசித்து வந்த விசயம் இல்லை. 1990இல் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது எனக்கு எட்டு வயது. பற்றரி இல்லை, சவர்க்காரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. மருந்து மட்டுமட்டாகத்தான் வந்தது. உடுப்பைப் பனம்பழத்தால் தோய்த்தோம். காய்ச்சல் தடிமனை அம்மம்மா பார்த்துக்கொண்டா. வேர்க்கொம்பும் கொத்தமல்லியும் தட்டிப்போட்டு அவித்துப் பனங்கட்டியோடு ஒரு குடிநீர். இருமலுக்கு ஆடாதோடை. சளி கட்டின பிள்ளைக்கு வெற்றிலையில் நல்லெண்ணெய் தடவி, விளக்கில் வாட்டி, இளஞ்சூட்டில் நெஞ்சில் ஒத்துவா. விழுந்து முழங்கால் உரசினால், வேலிக்கரையில் நிற்கிற வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிச் சாறு விடுவா. எரியும். "எரிஞ்சாத்தான் ராசா மருந்து" என்பா.

ஆனால் அந்த நாட்களைத் தேனில் தோய்த்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மலேரியா வந்தபோது அம்மம்மாவின் நிலவேம்புக் குடிநீர் காணாமல்தான் போனது. அதற்கு குளோரோகுயின் வேண்டும். பின்னேரம் நடுங்கத் தொடங்கிய அயல்வீட்டு அண்ணையைச் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்கு உருட்டிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. குளிசையும், இரத்தப் பரிசோதனையும், வீடுவீடாக மருந்தடித்தவர்களும்தான் அதைச் செய்தது. அம்மம்மா உயிரோடு இருந்தால் அவவும் இதைத்தான் சொல்லியிருப்பா. தன் வைத்தியத்தின் எல்லை எதுவென்று அவவுக்கு நல்லாகத் தெரியும். "இது எனக்குச் சரிவராது, கொண்டு போங்கோ" என்று சொல்லத் தெரிந்த மனிசி.

நிற்க. ஐரிஷ்காரருக்கு வருகிறேன்.

எங்கள் குசினியில் இறைச்சிப் பகுதியைப் பார்ப்பவர் அயர்லாந்தின் மேற்குக் கரைக்காரர். அறுபதை நெருங்குகிறார். சிகரெட் பத்த பின்பக்க முற்றத்துக்குப் போனவர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, சீமெந்து வெடிப்புக்குள் முளைத்திருந்த ஒரு களையைக் காட்டினார். நீளமான ஒடுங்கிய இலை, நரம்பெல்லாம் கோடுகோடாக நீட்டுக்கு ஓடும். ஒக்லாந்தில் புல்வெட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த களை. தங்கள் மொழியில் அதன் பெயர் 'ஸ்லான்லுஸ்' என்றார். குணமாக்கும் பூண்டு என்று அர்த்தமாம். சின்ன வயதில் கை வெட்டுப்பட்டால் பாட்டி அந்த இலையைச் சப்பி, அந்தச் சக்கையைக் காயத்தில் வைப்பாவாம். எனக்கு வேலிக்கரைதான் ஞாபகம் வந்தது. இலை வேறு, கடல் வேறு, செய்கிற வேலை ஒன்று.

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் இடையில் ஒரு போட்டி மாதிரி ஆகிவிட்டது. நான் ஒன்று சொன்னால் அவர் ஒன்று சொல்லுவார். தடிமனுக்கு நாங்கள் வேர்க்கொம்பு என்றால், அவர்கள் சுடுதண்ணியில் விஸ்கி விட்டு, கராம்பு குத்திய எலுமிச்சந்துண்டு போட்டுக் குடிப்பார்களாம். (இந்த ஒன்றில் அவர் வென்றார் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேணும்.) இருமலுக்குக் கடற்பாசியைப் பாலில் அவிப்பார்களாம். நாரிப்பிடிப்புக்குக் காலால் பிறந்தவரைக் கூப்பிட்டு மிதிக்கச் சொல்வதை நான் சொன்னேன். அவர் சிரிக்கவேயில்லை. தங்கள் ஊரில் ஏழாவது மகனுக்குப் பிறந்த ஏழாவது மகனுக்கு அந்தக் கை இருக்கிறது என்றார். தகப்பன் செத்தபிறகு பிறந்த பிள்ளை ஊதினால் குழந்தைகளின் வாய்ப்புண் ஆறும் என்றார். இப்படிக் 'கை' உள்ளவர்கள் காசு வாங்கக்கூடாது, அவர்களுக்கு நன்றிகூடச் சொல்லக்கூடாது, சொன்னால் பலிக்காது. எங்கள் ஊரில் பார்வை பார்க்கிறவர் காசு வாங்கமாட்டார் என்று நான் சொன்னபோது, ஏதோ ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் சந்தித்த மாதிரி இருந்தது.

மரு விசயம்தான் எனக்குப் பிடித்தது. அவர்கள் ஊரில், பழைய தேவாலயப் பக்கத்துக் கல்லுக் குழிகளில் தேங்கிய மழைத்தண்ணீரை மருவில் பூசுவார்களாம். உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்து மண்ணுக்குள் புதைப்பதும் உண்டாம். தமிழ்நாட்டில் வைத்தீஸ்வரன்கோயிலுக்கு உப்பும் மிளகும் கொண்டுபோவார்கள். எங்கள் பக்கம் குதிரை மயிரால் கட்டுவது. மூன்று வைத்தியத்துக்கும் வெற்றிக் கதைகள் ஏராளம். காரணம் சிம்பிள்: பிள்ளைகளுக்கு வருகிற மரு பெரும்பாலும் ஓரிரண்டு வருடத்தில் தானாகவே போய்விடும். கிழங்கும் சாமியும் குதிரையும் இடையில் பெயர் வாங்கிக்கொள்கிறார்கள். கைவைத்தியத்தில் பாதி இப்படித்தான், காத்திருக்கிற நேரத்துக்கு ஒரு வேலை கொடுப்பது. அதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அகதிமுகாமில் இருந்தவனுக்குத் தெரியும்.

அவரிடமிருந்துதான் இன்னொன்றும் அறிந்தேன். 1937இலிருந்து 1939வரை அயர்லாந்தின் நாட்டார் வழக்காற்று ஆணைக்குழு ஒரு வேலை செய்தது. ஏறத்தாழ 5,000 பள்ளிக்கூடங்களில் 50,000 பிள்ளைகளிடம் கொப்பியைக் கொடுத்து, வீட்டில் இருக்கிற கிழடுகளிடம் கேட்டு எழுதிவரச் சொன்னது. கதை, பேய், விளையாட்டு, கைவைத்தியம் எல்லாம். இப்போது அவ்வளவும் இணையத்தில் கிடக்கிறது. பிள்ளைகளின் கையெழுத்திலேயே வாசிக்கலாம். வாசித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்களிடமும் ஏடுகள் இருந்தன. பரியாரி வீடுகளில் கறையான் தின்றது கொஞ்சம். 1981 யூனில் யாழ் நூலகத்தோடு எரிந்தது கொஞ்சம். மிச்சம் அம்மம்மாக்களின் தலைக்குள் இருந்தது.

எல்லாம் சரி, இதில் ஆபத்தில்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது.

அந்தப் பஞ்சாப் பெடியன், படிக்க வந்தவன், ஒரு வெள்ளிக்கிழமை இரவு பிரையருக்குள் கூடையை இறக்கும்போது கொதியெண்ணெய் தெறித்து மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை பட்டுவிட்டது. அவன் கத்தின கத்தில் எல்லோரும் ஓடிவந்தோம். ஒருவர் பற்பசை தேடினார். ஒருவர் முட்டையை உடைத்து வெள்ளைக்கருவைப் பிரித்துக்கொண்டு நின்றார். ஐரிஷ்காரர், பாட்டி பட்டர் பூசுவா என்றார். (அவர்கள் ஊரில் இதைவிட விசேசமான வைத்தியமும் உண்டு. பல்லி மாதிரியான ஒரு பிராணியின் வயிற்றை நக்கினவருடைய நாக்குக்குத் தீக்காயத்தை ஆற்றும் சக்தி வருமாம். நல்லகாலம், எங்கள் குசினியில் அந்தப் பிராணி இருக்கவில்லை.) கரண்டி பிடிக்கிற ஐந்து நாட்டு மனிதர்களும் ஐந்து பாட்டிகளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்ற மாதிரி இருந்தது.

எங்களோடு வேலை செய்கிற தொங்காக்காரர் ஒருவர் ரக்பி அணி ஒன்றுக்கு முதலுதவி பார்ப்பவர். அவர் ஒருவரோடும் கதைக்கவில்லை. பெடியனைத் தோளில் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கையைப் பைப்புக்குக் கீழே பிடித்தார். குளிர்ந்த ஓடுகிற தண்ணீர், ஐஸ் இல்லை. இருபது நிமிடம். மணிக்கூட்டைப் பார்த்து இருபது நிமிடம். வெள்ளிக்கிழமை இரவு எட்டுமணிக்கு ஒரு குசினியில் இருபது நிமிடம் என்றால் என்னவென்று அங்கே வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும். முன்னுக்கு ஓடர்கள் குவிந்தன. அவர் அசையவில்லை. பிறகு சாப்பாடு சுற்றுகிற கிளாட் ராப்பைக் கையில் தளர்வாகப் போர்த்திவிட்டு, காருக்குள் ஏற்றினார்.

இருபது நிமிடத் தண்ணீர் எரிவை ஆற்றுவதோடு நிற்பதில்லை. தோலுக்குள் இறங்கிய சூடு, நெருப்பு விலகின பிறகும் உள்ளே போய்க்கொண்டிருக்கும். தண்ணீர் அதை நிறுத்துகிறது. சுட்டு மூன்று மணித்தியாலத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. பட்டரும் எண்ணெயும் பற்பசையும் அந்தச் சூட்டை உள்ளேயே பூட்டிவிடும், கிருமியையும் சேர்த்துவிடும். பிறகு ஆஸ்பத்திரியில் அதைத் தேய்த்துக் கழுவும்போது படுகிற பாடு தனி. பெடியனுக்கு இப்போது தழும்பு மெல்லிசாக ஒரு நிழல் மாதிரித்தான் இருக்கிறது. செலவை ஏ.சி.சி. பார்த்துக்கொண்டது. 1974இலிருந்து இந்த நாட்டில் விபத்து யாருக்கு நடந்தாலும், பிழை யாருடையது என்று கேட்காமல் வைத்தியத்துக்குப் பணம் கொடுக்கிற ஏற்பாடு அது. மாணவ விசாக்காரருக்கும் உண்டு. எங்கள் ஆட்கள் கனபேருக்கு இது தெரியாது. தெரியாமல் வீட்டில் மஞ்சள் பூசிக்கொண்டு இருக்கிறார்கள்.

தேன் பூசுவது மட்டும் கொஞ்சம் வேறு கதை. இங்கே வைக்காட்டோ பல்கலைக்கழகத்தில் பீற்றர் மோலன் என்பவர் 1980களிலிருந்து மானுக்கா மரத்துத் தேனின் கிருமிகொல்லும் குணத்தை ஆராய்ந்தார். இன்று அதைக் காயத்துக்குக் கட்டுகிறார்கள். ஆனால் அது கதிர்வீச்சால் சுத்தப்படுத்தி எடுத்த மருத்துவத் தேன். பாணுக்குப் பூசுகிற போத்தல் இல்லை. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் நாக்கில் தேன் தொட்டு வைக்கிற எங்கள் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அந்தக் குடலுக்குள் பொட்டுலிசம் என்கிற நோயை உண்டாக்கும் கிருமி வளர இடமுண்டு.

இனி அம்மா.

நான் 2010இல் மலேசியாவிலிருந்து அகதி ஒதுக்கீட்டில் வந்து, மாங்கரே முகாமில் ஆறு கிழமை இருந்து வெளியில் வந்தவன். அம்மா பிறகுதான் வந்தா. வரும்போது ஒரு பிஸ்கட் பேணி. விமான நிலையத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கோ, மறைத்தால் நானூறு டொலர் குற்றம் என்று ரெலிபோனில் பலமுறை படிப்பித்திருந்தேன். தேன் போத்தலையும் கறிவேப்பிலையையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டார்கள். பேணி வீட்டுக்கு வந்தது. வேர்க்கொம்பு, மிளகு, திப்பிலி, ஓமம், கடுக்காய், சாதிக்காய், பேர் சொல்லா மருந்து (வசம்பை அம்மா இருட்டினபிறகு அப்படித்தான் சொல்லுவா).

ஒருநாள் டொமைன் பூங்காவின் காட்டுப்பகுதிக்குள் நடக்கக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா சடக்கென்று நின்று, "தம்பி, இஞ்ச பார், வெத்திலை!" என்றா. இதய வடிவ இலை, நிறைய ஓட்டை. கவகவா. நான் யாழ் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் தொடங்கி, 2006இல் பாதை பூட்டினபோது இரண்டாம் வருடத்தோடு விட்டவன். ஆனாலும் அந்தக் குடும்பத்தை மறக்கவில்லை. மிளகு, திப்பிலி, வெற்றிலை, தொங்காக்காரர் குடிக்கிற கவா, இந்தக் கவகவா எல்லாமே பைப்பர் என்கிற ஒரே பேரினம். அம்மா கண்டுபிடித்தது சரியாகச் சொன்னால் வெற்றிலையின் ஒன்றுவிட்ட சகோதரி. மாவோரி மக்கள் பல்லுக்குத்துக்கு அதைச் சப்புவார்கள், கண்டலுக்கு ஒத்துவார்கள். புழு தின்று ஓட்டை விழுந்த இலைதான் நல்ல இலை என்பார்கள். பறிக்க முன்னம் பிரார்த்தனை சொல்லுவார்கள். எங்கள் சித்தவைத்தியர்களும் மூலிகைக்குக் காப்புக்கட்டி, சாபம் நீங்க மந்திரம் சொல்லித்தான் பிடுங்குவார்கள். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "பின்ன, கேக்காமல் புடுங்கிறதே?" என்றா.

அந்த மாவோரி வைத்தியத்தை, ரொங்கோவாவை, 1907இல் ஒரு சட்டம் போட்டு நசுக்கப் பார்த்தார்கள். சட்டம் 1962இல்தான் நீங்கியது. வைத்தியம் அழியவில்லை, ஒளித்துக்கொண்டது. இன்று அதே அரசின் ஏ.சி.சி. 2020இலிருந்து ரொங்கோவாவுக்குப் பணம் கொடுக்கிறது. நான் இதைச் சொல்வதற்குக் காரணம், ஒளிக்கிற வைத்தியம் எவ்வளவு ஆபத்து என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்ததுதான்.

அம்மாவுக்கு இதயத்துடிப்பு ஒழுங்கில்லை. இரத்தம் கட்டியாகாமல் இருக்க வார்பரின் குடிக்கிறா. அதற்கு ஒரு அளவு பார்ப்பார்கள், ஐ.என்.ஆர். என்று. அம்மாவுக்கு 2க்கும் 3க்கும் இடையில் நிற்கவேண்டும். ஒருமுறை அது 4ஐத் தாண்டியது. கையெல்லாம் நீலம் நீலமாகக் கண்டல். டொக்டர் கேட்டார், வேறு ஏதாவது மருந்து, மூலிகை எடுக்கிறாவா என்று. மொழிபெயர்ப்பது நான்.

"இல்லையெண்டு சொல்லு தம்பி."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சுவரில் இருந்த படத்தைப் பார்த்தா. நான் டொக்டருக்கு, அம்மா இல்லை என்று சொல்கிறா, ஆனால் வீட்டில் ஒரு பேணி இருக்கிறது என்று சொன்னேன். அடுத்த நாள் பேணியோடு வரச் சொன்னார். வழியெல்லாம் அம்மா என்னோடு கதைக்கவில்லை.

டொக்டர் பேணியை மேசையில் கொட்டி ஒவ்வொன்றாக எடுத்து, பெயர் கேட்டு, மணந்து பார்த்தார். வேர்க்கொம்பைக் குடிநீரில் எப்போதாவது ஒரு துண்டு போடுங்கோ, ஒவ்வொரு நாளும் அள்ளி அள்ளி வேண்டாம் என்றார். அடியில் இரண்டு போத்தல் இருந்தது. ஒன்று மஞ்சள் குளிசை, இங்கேயே வாங்கினது. வாட்ஸ்அப்பில் யாரோ சொந்தம் மூட்டுநோவுக்கு நல்லது என்று அனுப்பியிருக்கிறார்கள். மிளகுச் சத்தும் சேர்த்த குளிசை, மஞ்சள் உடம்பில் கூட ஏறவேண்டும் என்பதற்காக. கறிக்குப் போடுகிற மஞ்சளால் பயமில்லை, இது கட்டிப்பட்ட மஞ்சள். 2018இல் நியூசிலாந்தின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான மெட்சேப் இதைப் பற்றியே எச்சரித்திருந்தது. வார்பரின் எடுத்த ஒருவர் மஞ்சள் குளிசை தொடங்கி, ஐ.என்.ஆர். 10க்கு மேல் ஏறிவிட்டதாம். மற்றப் போத்தலில் கறுப்பு உருண்டைகள், லேபல் இல்லை. 2008இல் அமெரிக்காவில், இணையத்தில் விற்ற 193 ஆயுள்வேத மருந்துகளைப் பரிசோதித்தபோது ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. இரண்டு போத்தலும் டொக்டரின் மேசையிலேயே நின்றுவிட்டன. மூன்றாம் கிழமை அளவு 3க்குக் கீழே வந்தது.

ஏன் மறைத்தீர்கள் என்று பிறகு கேட்டேன். "அங்க ஆஸ்பத்திரியில ஒருக்காச் சொல்லி, நேர்ஸ்மாருக்கு முன்னால பேச்சு வாங்கினனான். அண்டையில இருந்து சொல்லுறேல்லை." எத்தனை வருடத்துக்கு முன்னம் வாங்கின பேச்சு. இந்த டொக்டர் பேசவில்லை. ஆடாதோடை பற்றிக் கேட்டுவிட்டு, மருந்துக்கடையில் விற்கிற பிசொல்வன் இருமல் மருந்தின் சரக்கு அந்தச் செடியில் இருக்கிற ஒன்றிலிருந்து வந்ததுதான் என்று அவரே சொன்னார். அதை நான் தமிழில் சொன்னபோது அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். அன்றைக்குத்தான் என்னோடு திரும்பக் கதைத்தா.

இப்போது மகள் ஒரு கொப்பியில் எழுதுகிறாள். அப்பம்மா சொல்லச்சொல்ல, ஒரு பக்கத்தில் சாமான், மற்றப் பக்கத்தில் என்ன வருத்தம், எவ்வளவு. மூன்றாவதாக ஒரு கோடு போட்டு, யாருக்குக் கொடுக்கக்கூடாது என்று நான் எழுதச் சொன்னேன். அந்தக் கோட்டை நிரப்பத்தான் நேரம் எடுக்கிறது. சிலதுக்கு டொக்டரிடம் கேட்கவேண்டியிருக்கிறது, சிலதை மருந்துக்கடைக்காரப் பெண்ணிடம்.

போனகிழமை அம்மா கேட்டா, "உன்ர ஐரிஷ்காரனிட்டக் கேள், முழங்கால் நோவுக்கு அவையள் என்ன செய்யிறவையாம்?" கேட்டேன். காஞ்சோண்டி மாதிரிச் சுணைக்கிற செடியைக் கட்டாகப் பிடுங்கி, நோகிற இடத்தில் அடிப்பார்களாம். அம்மாவிடம் வந்து சொன்னேன். ஒருநிமிடம் யோசித்தா.

"விசரே அவங்களுக்கு? அந்தச் சித்தாலேபவை எடு."